பதினோராம் கம்பம்

அந்தக் கடிதத்தின் நகலை நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி யாராவது என்னிடம் சொன்னார்களா என்பது எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. சொன்னதுபோலவும் இருக்கிறது, சொல்லாததுபோலவும் இருக்கிறது. கூட்டத்தில் நடப்பதை எழுதி வைப்பதுதான் அப்போது என் வேலை. மற்றவர்கள் மறந்தாலும் ஒருவன் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் மூலையில் எனக்கொரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் அன்றைய குறிப்பேட்டில், அந்தக் கடிதத்துக்கு நேராக, என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: "குறித்துக்கொள்ளப்பட்டது." யார் குறித்துக்கொண்டார், குறித்துக்கொண்டு என்ன செய்தார் என்று ஒன்றும் இல்லை.

ஆகவே இனி நான் சொல்லப்போவதில் தேதிகளை நம்பலாம். அவை தாளில் இருக்கின்றன. யார் எந்த முகத்தோடு என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்வது நல்லது. அக்காவிடம் கேட்டால் சில இடங்களில் வேறு மாதிரி சொல்வாள்.

நகராட்சியின் சாலைப் பராமரிப்புக் கண்காணிப்புக் குழு மாதத்தின் முதல் புதன்கிழமை கூடும். முதல் மாடியில் லாட வடிவில் ஒரு மேஜை. ஏழு உறுப்பினர்கள். தலைவர் முன்பு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். கழுத்தில் விசில் இல்லையே தவிர, மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. சாலையில் குழி விழுந்தால் மக்கள் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுப்பார்கள். எந்தச் சாலை, எந்த விளக்குக் கம்பத்துக்கு எதிரே என்று அதில் இருக்கும். அது குழுவுக்கு வந்து, இங்கிருந்து நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் ஆள் அனுப்பித் தார் ஊற்றி, கம்பம் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, "பணி முடிந்தது" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்து மேஜையில் வைப்பேன். தலைவர் கட்டின் மேல் கையை வைத்து, "படித்ததாகக் கொள்ளப்படுகிறது" என்பார். ஆறு தலைகள் ஆடும். எழுபது குழிகள் ஐந்து நிமிடத்தில் மூடிவிடும்.

குறிப்பெழுத்தர் கூட்டத்தில் பேசக்கூடாது. எங்கும் எழுதி வைத்த விதி அல்ல, வழக்கம். பழைய தீர்மானம் எதையாவது வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுந்து நின்று வாசிக்கலாம். ஒன்பது வருடங்களில் நான் அந்த அறையில் பேசியதைச் சேர்த்தால் கால் மணி நேரம் வராது. அது எனக்குப் பிடித்துமிருந்தது. சிறு வயதிலிருந்தே அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள்.

அக்கா பேருந்து ஓட்டுநர். பதினாறு வருடம் ஒரே தடம். காலையில் புறப்பட்டு, சரக்குக் கிடங்குகளை ஒட்டிப் போகிற நீளமான சாலையில் ஏறி இறங்கி, நாளுக்குப் பத்து நடை. அந்தக் கிடங்குச் சாலையின் ஒவ்வொரு நெளிவும் அவளுக்கு முதுகுத்தண்டில் தெரியும். பதினோராம் கம்பத்துக்கு எதிரே விழுந்த குழியைப் பற்றி அவளே மூன்று முறை படிவம் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று முறையும் "பணி முடிந்தது" என்று பதில் வந்தது. மூன்று முறையும் குழி அங்கேயே இருந்தது.

இருபதாம் தேதி காலை, முந்தின நாள் மழைத் தண்ணீர் குழியை மூடியிருந்தது. வழக்கமாக வலப்பக்கம் ஒதுங்கிப் போவாள். அன்று எதிரே ஒரு லாரி. வேறு வழியில்லாமல் முன்சக்கரத்தை மெதுவாகத்தான் இறக்கினாள். இருந்தும் பேருந்து குலுங்கியதில், அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதற்காகப் படியருகே வந்து நின்ற ஒரு பாட்டு டீச்சர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

பணிமனையில் விசாரணை நடந்தது. நகராட்சியிலிருந்து தாள் வரவழைத்தார்கள். தாளில் தெளிவாக இருந்தது: பதினோராம் கம்பத்தருகே இருந்த பள்ளம் முந்தின மாதம் ஒன்பதாம் தேதியே மூடப்பட்டுவிட்டது. சாலையில் குறை இல்லை. குறை ஓட்டுநரிடம். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் வண்டி திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் ஓட்டுநர் வில்லையைப் பறித்துக்கொண்டு, இனி ஓய்வு பெறும்வரை டிக்கெட் கொடுக்கும் கூண்டில் உட்கார வைப்பார்கள். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வரை அவளுக்குத் தவணை.

அக்கா வீட்டு மாடியறையில்தான் நான் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அத்தான் தையற்காரர். கூடத்திலேயே இயந்திரம். நாங்கள் பேசாமல் இருக்கும் நேரங்களையெல்லாம் அந்த இயந்திரம்தான் நிரப்பும். அன்று மாலை அது ஓடவில்லை.

"ஒரு கையெழுத்துதானே," என்றார் அத்தான். "போட்டுட்டு வண்டிய எடு. யாரு படிக்கப் போறா?"

"எனக்குப் படிக்கத் தெரியுமே," என்றாள் அக்கா.

"குழி இல்லன்னு அவங்க தாள் வெச்சிருக்காங்க."

"அப்ப நான் எதுல விழுந்தேன்? அவங்க வாயிலயா?"

அத்தான் நூல்கண்டை உருட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, நீதானே அந்தக் குழுல உக்காந்து எழுதுற. குழிய மூடியாச்சுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"பாத்தியா?"

"எத?"

"எதவா? குழியத்தான்."

நான் புகைப்படத்தைப் பார்த்திருந்தேன். புதுத் தார், கறுப்பாக, பளபளப்பாக. ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம், அக்கா பொய் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் அதை என் முகத்தில் படித்துவிட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய சீருடைச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் கிடங்குச் சாலைக்குப் போனேன். கம்பத்தில் மஞ்சள் பெயின்டில் 11 என்று பெரிதாக இருந்தது. எதிரே குழி. கைக்குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். பைத்தியக்காரன்போல நடுச்சாலையில் குந்தி அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு தாண்டி இறங்கியது. ஒன்பது வருடமாகக் குழிகளைப் பற்றி எழுதியவன் ஒரு குழியைத் தொட்டது அன்றுதான்.

நேராக நெடுஞ்சாலைப் பொறியாளரிடம் போனேன். அவர் இளம் வயதுக்காரர். மேஜையில் யாராவது பேனாவை விட்டுப்போனால் மாடி ஏறிவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்.

"சார், அந்தக் குழி இன்னும் இருக்கு."

"என்னங்க நீங்க. விசாரணைக்கு முன்னால நானே போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி இடத்தக் காட்டினாரு. தார் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு."

"எறங்கிப் பாத்தீங்களா சார்?"

"வேன்லேர்ந்து தெரியாதா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நான் கைய விட்டுப் பாத்தேன் சார்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. அவர் கண்ணில் இருந்தது கோபம் அல்ல. நேற்று மாலை என் கண்ணில் அக்கா பார்த்தது அதைத்தான் என்று புரிந்தது.

அவர் பொய்யர் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பொய்யர் இல்லை. அக்காவும் இல்லை. ஒரே இடத்தை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்குக் குழி, ஒருவருக்குக் கண்ணாடி. மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து எழுந்து போனேன். அக்கா என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்களுக்குள் அது புதிதல்ல, ஆனால் இந்த மௌனம் வேறு கனம்.

ஞாயிற்றுக்கிழமை, கூடாது என்று தெரிந்தும், கோப்பை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். மதிய வெளிச்சம் மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. ஊசியில் நூல் கோக்க அத்தான் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி மூன்று புகைப்படங்களையும் பார்த்தேன். முதல் படத்தில் தார் போட்ட மேஸ்திரி கல்யாண மாப்பிள்ளைபோல விறைத்து நின்றார். பின்னால் கம்பம். அதில் மஞ்சளாக எண். அவருடைய தோள் பாதியை மறைத்திருந்தது. தெரிந்தது 2 மட்டும்.

பதினொன்றில் இரண்டு ஏது?

இரண்டாவது படத்தில் தோள் சற்று விலகியிருந்தது. 32. மூன்றாவதிலும் 32.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். அத்தான் நிமிர்ந்து, "என்னாச்சு, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாமல் இல்லை. மின்விளக்குகள் மாற்றிய வருடம், ஒரு கடிதம், மின்துறையின் நீலத் தலைப்பு. எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து எழும்புவதுபோல மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அதைத் தேடி எடுத்தேன். இரண்டு வருடப் பழசு. கிடங்குச் சாலையில் புது விளக்குகள் பொருத்தியவர்கள், தங்கள் கிடங்கு அந்தப் பக்கம் இருந்ததால், எதிர்முனையிலிருந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். கம்பங்களுக்கும் அங்கிருந்தே புதிதாக எண் போட்டிருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு கம்பங்கள். ஒன்று நாற்பத்திரண்டாகிவிட்டது. பதினொன்று முப்பத்திரண்டாகிவிட்டது. "இம்மாற்றத்தைத் தொடர்புடைய அலுவலகங்கள் அறியச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று கடைசி வரி. ஓரத்தில் என் எழுத்து: குறித்துக்கொள்ளப்பட்டது.

நகல் போகவேயில்லை. அனுப்பியதற்கான பதிவேட்டில் அந்த நாளில் வரி இல்லை. ஓட்டுநர்கள் கம்பத்தில் இருப்பதைப் படித்து எழுதினார்கள். மேஸ்திரி தன் பழைய வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு பழைய முனையிலிருந்து எண்ணிப் போனார். இரண்டு வருடமாக அந்தச் சாலையில் ஒரு முனையின் குழிக்கு மறுமுனையில் தார் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் இருந்த இருபத்தொன்றும் இருபத்திரண்டும் மட்டும் ஏறக்குறையத் தப்பித்தன.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

"இத இப்ப எடுத்தா ரெண்டு வருஷ ஃபைல் பூரா நாறும்," என்றார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம். சத்தமில்லாம ஒரு நகல் அனுப்பிடுங்க."

"வெள்ளிக்கிழமை தவணை முடியுது ஐயா. என் அக்காவுக்கு."

"தெரியும். உங்க அக்காங்கிறதாலதான் சொல்றேன், நீங்க இதுல தலையிடாதீங்க. அதுவுமில்லாம, நகல் அனுப்ப வேண்டியது யாரு? கிளறினா மொதல்ல யாரு மாட்டுவா?" குரலில் அக்கறைகூட இருந்தது. என் தோளைத் தட்டினார். "நல்லபடியா எழுதிட்டு வர்றீங்க. அப்படியே இருங்க."

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே மடித்தாள். என் கையெழுத்து வந்த இடத்தில் மடிப்பது நின்றது.

அத்தான் ஒரு சட்டைக் கையை முழுதாகத் தைத்து முடித்தார்.

"ஆக, குழில என்னைத் தள்ளினது நீதான்," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"சரி. தூக்கிவிடப் போறதும் நீதான்."

"நான் பேசக்கூடாதுக்கா. குறிப்பெழுத்தர் பேசறது வழக்கமில்ல."

"பேச வேணாம். படிக்கலாம்ல?"

"படிக்கச் சொன்னா படிக்கலாம்."

"எதுலேர்ந்து எதுவரைக்கும்னு சொல்வாங்களா?"

நான் யோசித்தேன். சொல்வதில்லை.

"அப்பறம் என்ன," என்று மறுபடி துணியை எடுத்தாள். "படிக்க வைக்கிற வேல என்னோடது. நிறுத்தாம இருக்கறது உன்னோடது."

"உன் வேல போயிடுமேடா," என்றார் அத்தான் என்னைப் பார்த்து.

"போனா போகட்டுங்க," என்றாள் அக்கா. "தப்பு பண்ணாதவ நான் வண்டிய விட்டு எறங்கியிருக்கேன். பண்ணினவன் நாற்காலிய விட்டு எறங்கக் கூடாதா?"

கடுமையான சொல்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு இரவு என் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். தலைவர் முன்னால் ஒரு அலாரக் கடிகாரம் இருக்கும். அக்கா பணியிடைநீக்கத்தில் இருந்தும் சீருடையில் வந்திருந்தாள். பெல்ட் இறுக்கி, சட்டையில் மடிப்புக் கலையாமல். பொறியாளரும் வந்திருந்தார்.

"என் பேரு, தடம், எல்லாம் படிவத்துல இருக்கு," என்று ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். பதினோராம் கம்பத்துக் குழிய மூடினீங்களா இல்லையா?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா," என்றார் தலைவர்.

"எங்க முடிஞ்சுது? ரோட்டுலயா, தாள்லயா?"

வலப்பக்கம் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். அவர் குழுவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"குழுவே ஏத்துக்கிட்ட அறிக்கைம்மா. நீங்க நம்பலேன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

"நம்பறேன். எனக்குப் படிச்சுக் காட்டுங்க, கேட்டுக்கிட்டுப் போயிடறேன். எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்திருப்பார். "குறிப்பெழுத்தர், அந்தத் தீர்மானத்தப் படிங்க," என்றார்.

எழுந்தேன். குரல் நடுங்கவில்லை என்று அக்கா சொல்கிறாள், நான் நம்பவில்லை.

"கிடங்குச் சாலை, பதினோராம் கம்பத்துக்கு எதிரில் உள்ள பள்ளம் கடந்த மாதம் ஒன்பதாம் தேதி மூடப்பட்டது. அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"கேட்டீங்களா? போதும், உக்காருங்க," என்றார் தலைவர்.

நான் உட்காரவில்லை. "இணைப்பு ஒன்று," என்று வாசித்தேன். "பணி முடிந்ததற்கான புகைப்படம். படத்தில் காணப்படும் கம்பத்தின் எண், முப்பத்திரண்டு."

தாளைப் புரட்டினேன்.

"இதற்கு முந்தைய பணி. புகைப்படம். கம்பத்தின் எண், முப்பத்திரண்டு. அதற்கும் முந்தைய பணி. கம்பத்தின் எண் பாதி மறைந்துள்ளது. தெரிவது, இரண்டு."

"குறிப்பெழுத்தர், நிறுத்துங்க."

"இணைப்பு இரண்டு. மின்துறையின் கடிதம். கிடங்குச் சாலைக் கம்பங்களுக்கு எதிர்முனையிலிருந்து புதிய எண்கள் இடப்பட்டுள்ளன. இம்மாற்றத்தைத் தொடர்புடைய அலுவலகங்கள் அறியச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். குழுவின் முடிவு, குறித்துக்கொள்ளப்பட்டது. அனுப்பல் பதிவேடு, அதே தேதி. பதிவு எதுவும் இல்லை. பதிவேட்டின் பொறுப்பு, குறிப்பெழுத்தர்."

தாளை மடக்கி வைத்தேன். யாரும் பேசவில்லை. எனக்கு மௌனங்களைத் தெரியும். வீட்டு மௌனம், அலுவலக மௌனம், கோபத்தின் மௌனம் என்று தரம் பிரிக்கத் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. ஏழு பேரும் தங்கள் தங்கள் மனதுக்குள் நாற்பத்திரண்டு கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அலாரம் அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

பொறியாளர்தான் முதலில் அசைந்தார். "இருக்க முடியாது," என்றார், பலவீனமாக.

"நடந்தா கால் மணி நேரம்," என்றாள் அக்கா. "வண்டில வேணாம். வண்டிலேர்ந்து பாத்தா உங்களுக்கெல்லாம் ரோடு நல்லாத்தான் தெரியுது."

"கூட்டத்த இப்படிப் பாதில விட்டுட்டுப் போறது வழக்கமில்லம்மா," என்றார் தலைவர்.

மருந்துக்கடைக்காரம்மா கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் ஒரு தடவகூட இந்த ரோட்டுல நடந்ததில்ல. வந்த நாளாத் தலைய மட்டும் ஆட்டிக்கிட்டிருக்கேன். கழுத்து வலிக்குது," என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு எல்லோரும். கடைசியில் தலைவரும்.

பொறியாளர் மேஸ்திரியை வரச் சொல்லியிருந்தார். அவர் சாலை முனையில் வரைபடத்தோடு நின்றார். நடப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பதினோராம் கம்பத்தைக் காட்டச் சொன்னார்கள். சந்தோஷமாக முன்னால் நடந்தார். கம்பத்துக்குக் கம்பம் கையால் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணிக்கொண்டே போனார். மஞ்சள் எண்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இருபது வருடப் பழக்கம். பதினொன்று என்று தட்டி நின்ற கம்பத்தில் 32 என்று இருந்தது. எதிரே சாலையில், மூன்று முறை ஊற்றிய தார் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மெத்தை விரித்ததுபோல ஒரு மேடு.

"இங்க குழி இருந்துச்சா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரம்மா.

"இல்லீங்கம்மா."

"பின்ன எதுக்கு மூடினீங்க?"

"மூடச் சொல்லி எழுதி வந்துச்சுங்க."

"குழி இல்லையேன்னு தோணலையா?"

மேஸ்திரி அந்தக் கேள்வியை மரியாதையோடு யோசித்தார். "மொத தடவ தோணுச்சு. வேற யாரோ மூடிட்டாங்க போலன்னு நெனச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு மேல ஒரு பூச்சு. ரெண்டாவது தடவ எழுதி வந்தப்ப, அப்ப நாம போட்டது பத்தல போலன்னு கொஞ்சம் கெட்டியாவே போட்டேன்." பெருமையோடு காலால் மேட்டைத் தட்டிக் காட்டினார். "இது பத்து வருஷத்துக்கு அசையாதுங்க."

எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வேகத்தடை நல்லா வேல செய்யுதுங்க. வண்டியெல்லாம் மெதுவாப் போகுது," என்று குழுவுக்கு நன்றி சொன்னார். தலைவர் பழக்கதோஷத்தில் கை கூப்பிவிட்டார்.

அங்கிருந்து உண்மையான பதினொன்றுக்கு நடந்தோம். குழி இருந்தது. மருந்துக்கடைக்காரம்மா குடையை அதற்குள் நிறுத்திப் பார்த்தார். முனை மட்டும் அல்ல, துணியிலும் கால்வாசி இறங்கியது. பொறியாளர் குழியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நான் எறங்கியிருக்கணும்," என்றார்.

"எறங்கியிருக்கணும்," என்றாள் அக்கா. அவ்வளவுதான். அவரை அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தாள் என்று ஒன்று இருப்பதை எப்படி மறந்தேனோ.

மறுநாள், வியாழக்கிழமை, நான் எழுதிய குறிப்பைத் தலைவர் தன் மேஜையில் விரித்து வைத்திருந்தார். மூன்று பக்கம். கூட்டம் எழுந்து போனது, எண்ணியது, மேடு, குழி, குடை, நகல் அனுப்பாத என் தவறு, ஓட்டுநர் சொன்னது சரி என்று குழு நேரில் கண்டது, எல்லாம் இருந்தது. அவர் சிவப்புப் பேனாவால் மூன்று பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்.

"இப்படி எழுதிக் கொண்டாங்க. போதும்."

வாசித்தேன். கம்ப எண்களில் உள்ள வேறுபாடு குறித்துக்கொள்ளப்பட்டது.

"இதுல ஓட்டுநர் எங்க ஐயா?"

"அது பணிமனை விவகாரம். நமக்கு எதுக்கு?"

"நாளைக்கு அவங்ககிட்ட இந்தத் தாள் போகணும். இது போனா அக்காவ கூண்டுலதான் உக்கார வெப்பாங்க."

"உங்களக் காப்பாத்தத்தான்யா இத எழுதியிருக்கேன். உங்க தப்பு இதுல இருக்கா, பாருங்க. இருக்கா?"

இல்லை. அந்த ஒரு வரியில் யாருடைய தவறும் இல்லை. குழியே இல்லை. நான் நின்றேன். ஜன்னல் வழியே கீழே யாரோ மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"மாட்டேன் ஐயா," என்றேன்.

"என்ன மாட்டீங்க?"

"அந்தச் சொல்ல இனிமே நான் எழுத மாட்டேன்."

"நான் தலைவர் சொல்றேன்."

"தெரியுதுங்க. நடந்தத எழுதறதுக்குத்தான் என்னை வெச்சிருக்கீங்க. எழுதிட்டேன். பிடிக்கலேன்னா கையெழுத்துப் போடாம விடுங்க. அடிக்கறது உங்க வேல இல்ல."

அவர் முகம் சிவந்தது. விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பார். கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். போடவேண்டாம் என்றேன். தலைவர் மறுத்தால் கூட்டத்தில் இருந்த இரண்டு உறுப்பினர்கள் போடலாம் என்று விதி இருக்கிறது. ஒன்பது வருடம் யாருக்கும் தேவைப்படாத விதி. அதுவும் நான்தான் எப்போதோ எழுதி வைத்தது. மூன்று பக்கத்தையும் மறுபடி சுத்தமாக எழுதி மருந்துக்கடைக்குப் போனேன். அந்தம்மா யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்தார். "குடைக்குப் பூப்போட்ட குடைன்னு எழுதுங்க. அது ஒண்ணுதான் விட்டுப்போச்சு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு கையெழுத்துக்கு மாலைவரை மூன்று வீட்டு வாசலில் நின்றேன். மூன்றாவது வீட்டில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை நகலை நானே பணிமனைக்குக் கொண்டுபோனேன். தபாலை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தச் சொன்னேன். எழுத்தர் குத்தினார். சரியாகப் பதியவில்லை, மறுபடி குத்தச் சொன்னேன். வெளியே வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த ஒப்புதல் கடிதம், கையெழுத்து இல்லாமல்.

"குடுத்தாச்சா?"

முத்திரையைக் காட்டினேன். அதை வெயிலில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு தன் கையில் இருந்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"வா, ஊமைக்கோட்டான்," என்றாள். "நடந்தே போலாம்."

அக்காவுக்கு ஏழு வாரம் கழித்து வண்டி திரும்பக் கிடைத்தது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் அதே தடத்தில் ஓட்டுகிறாள். பாட்டு டீச்சரின் மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் முன்புபோல முழுதாகத் திரும்பாது. அவர் அக்காவின் வண்டியில்தான் வருகிறார், உட்கார்ந்தே. பதினோராம் கம்பத்துக் குழியை அடுத்த செவ்வாய்க்கிழமை மூடினார்கள். பொறியாளர் வேனிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். மேஸ்திரிக்குப் புது வரைபடம் கொடுத்தார்கள். அவர் ஓய்வு பெறும்வரை பழைய முனையிலிருந்தே எண்ணி, நாற்பத்து மூன்றிலிருந்து கழித்துக்கொண்டார். முப்பத்திரண்டாம் கம்பத்து மேட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள், அது வேகத்தடையாகவே இருக்கிறது. தலைவர் அடுத்த தேர்தலிலும் வென்றார், என்னை எங்கே பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மருந்துக்கடைக்காரம்மா குழுவில் இருந்த நாள்வரை மாதம் ஒரு சாலையில் உறுப்பினர்களை நடக்க வைத்தார். அத்தான் இப்போதும் கூடத்தில் தைக்கிறார். நகல் அனுப்பாத குற்றத்துக்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், கீழ்த்தளத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றலும் வந்தன. எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கிக்கொண்டேன், அதில் இருந்தது உண்மை.